சுமைதாங்கிக் கல்லை ஜேசிபி வச்சு நகட்டலாமா? திருச்செந்தூர் ரோட்டுக் கல்மண்டபம் பத்தி ஒரு கேள்வி

மண்டபத்துமுக்கு அக்கா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில இருந்து திருச்செந்தூர் போற ரோட்டுல ஒரு காலனியில குடியிருக்கேன். முன்னால வயக்காடு, பொறவு கருவேலங்காடு, இப்ப மனை. காலனி பேரைச் சொல்லலை. இந்த விஷயத்தை வச்சு ஏற்கனவே சங்கத்துல நாலு பேரு முகம் பார்த்துப் பேசிக்கிடுறது இல்லை.

எங்க தெரு ரோட்டுல சேருற முக்குல ஒரு கல்மண்டபம் நிக்கி. பதினாறு தூணு, மேல பலகைக்கல் பாவினது. தரை ரோட்டை விட மூணு அடி உசரம். பின்னால ஒரு கிணறு, அதுல தண்ணி இறைக்கிற துலா நட்ட கல்லுல ஒண்ணு மட்டும் மிச்சம். முன்னால மாடு தண்ணி குடிக்க நீளக் கல்தொட்டி. தொட்டிக்குப் பக்கத்துல மாடு உடம்பை உரசிக்கிட ஒரு ஒத்தைக் கல். ரோட்டை ஒட்டினாப்புல சுமைதாங்கி: ரெண்டு கல்லு நட்டு, அதுமேல ஒரு கல்லு கிடத்தினது. என் கழுத்து மட்டத்துக்கு வரும். தலைச்சுமையோட வாறவங்க இன்னொருத்தர் கையை எதிர்பார்க்காம தானே இறக்கி வச்சு, இளைப்பாறி, தானே திரும்ப ஏத்திக்கிட்டுப் போற உசரம் அது.

இப்ப ரோட்டை அகலப்படுத்துதாங்க. சுமைதாங்கி மேல சிவப்புப் பெயிண்ட்ல அம்புக்குறி போட்டிருக்கு. வேலைக்கு வந்த மேஸ்திரி தன்மையாத்தான் பேசினாரு. "கவலைப்படாதீங்கக்கா, ஜேசிபி வச்சுத் தூக்கி உங்க பார்க் வாசல்ல நட்டுத் தாறோம்"னாரு. சங்கத்துல பாதிப் பேருக்கு அது சந்தோஷம். பார்க் வாசல்ல வச்சு நல்ல கலரா அடிச்சா அழகா இருக்கும்ங்கிறாங்க. இன்னும் சில பேரு, சுமைதாங்கியோட மண்டபத்தையும் எடுத்துட்டா பஸ் நிக்க ஷெட் போட்டுடலாம்ங்கிறாங்க. ஒருத்தர் தரைக்கும் தூணுக்கும் டைல்ஸ் ஒட்டி வாசகசாலை ஆக்கலாம்ங்கிறாரு. அவரு நல்ல எண்ணத்துலதான் சொல்லுதாரு, ஆனா எனக்கு அதைக் கேட்டதும் வயித்தைப் பிசைஞ்சுது.

என் மாமியாருக்கு எழுபத்தெட்டு வயசு. பிள்ளைத்தாச்சியா இருந்து பெறாமலே செத்துப்போன ஒரு பொண்ணுக்கு அவ வீட்டு ஆளுங்க நட்ட கல்லுன்னு அவங்க மாமியார் சொல்லிக் கேட்டிருக்காங்க. நம்ம பக்கத்துல நிறைய சுமைதாங்கிக்கு இந்தக் கதைதான். இறக்க முடியாத சுமையோட போனவ பேரைச் சொல்லி, ரோட்டுல போற அத்தனை பேரு சுமையையும் இறக்கி வைக்க ஒரு கல்லு. அந்தப் பொண்ணு பேரு இன்னைக்கு யாருக்கும் தெரியாது. நட்ட கல்லுல ரெண்டு மூணு வரி எழுத்து இருக்கு, பாதியை எனாமல் பெயிண்ட் மூடிக் கிடக்கு. வெள்ளிக்கிழமை அத்தை அங்க ஒரு விளக்கு வைப்பாங்க. வேற சாமியா நினைச்சு இல்ல. "பாவம், சின்னப் பொண்ணு" அப்படின்னுதான்.

மண்டபம் சும்மா கிடக்குன்னு சொல்லுறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். தைப்பூசத்துக்கும் வைகாசி விசாகத்துக்கும் பச்சை வேட்டி கட்டித் திருச்செந்தூருக்கு நடந்து போறவங்க இன்னைக்கும் இங்கதான் உக்காந்து காலை நீட்டுதாங்க. நாங்க மோரும் பானக்காரமும் கொண்டு போய்க் கொடுப்போம். 2023 டிசம்பர் 17, 18 மழையில ரோடெல்லாம் முங்கினப்ப, வழியில மாட்டிக்கிட்ட ஆளுங்க ராத்திரி பூரா இந்த மண்டபத்துலதான் கிடந்தாங்க. மூணு அடி உசரத்தை எதுக்கு வச்சாங்கன்னு அன்னைக்குத்தான் எல்லாருக்கும் விளங்குச்சு.

கேட்கிறது இதுதான். சுமைதாங்கியை நகட்ட விடலாமா? இது யாரு சொத்துன்னு எங்க போய்ப் பார்க்க, யாருகிட்ட மனு கொடுக்க? கூரையில அரசங்கன்னு முளைச்சு ஒரு உத்தரக்கல்லுல விரிசல் விட்டிருக்கு, அதுக்கு இப்ப உடனே என்ன செய்ய? விவரம் தெரிஞ்ச அண்ணாச்சிமாரு, அக்காமாரு சொல்லுங்க.


பழைய சர்வேயர் எழுதியது:

தங்கச்சி, நில அளவைத் துறையில இருந்து ஓய்வு பெற்றவன். உங்க ரெண்டாவது கேள்விதான் முதல் கேள்வியா இருக்கணும். பதிவேட்டுல இல்லாத மண்டபத்தைக் காப்பாத்துறது கஷ்டம். பதிவேட்டுல இருந்துட்டா இடிக்கிறவன் ரெண்டு தடவை யோசிப்பான்.

முதல்ல புல எண்ணை, அதாவது சர்வே நம்பரைக் கண்டுபிடிங்க. அந்த எண்ணுக்கு அ-பதிவேடு (எந்த நிலம் யாருது, என்ன வகைன்னு சொல்லுற கிராமக் கணக்கு) நகலும் புலப்பட (நிலத்தோட அளவு வரைபடம்) நகலும் எடுங்க. அரசாங்க இணையதளத்துலயே அ-பதிவேட்டைப் பார்க்கலாம். அதுல அரசு புறம்போக்குன்னு போட்டு, குறிப்புப் பத்தியில மண்டபம், கிணறு, சாவடி இப்படி ஏதாவது எழுதியிருக்கான்னு பாருங்க. பழைய புலப்படத்துல மண்டபமும் கிணறும் குறிச்சிருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. உங்க இடம் மாநகராட்சி எல்லைக்குள்ள வந்துட்டா எண்ணே மாறியிருக்கும், பழைய எண்ணுக்கும் புது எண்ணுக்கும் உள்ள தொடர்பைக் கேட்டு வாங்கணும். யு.டி.ஆர்.னு நிலப் பதிவேடுகளைப் புதுப்பிச்ச வேலை நடந்த சமயத்துல பழைய குறிப்பு விட்டுப்போன இடங்களை நானே பார்த்திருக்கேன். அதனால இன்னைக்குள்ள பதிவேட்டுல மண்டபம்னு இல்லைன்னா மனசு விட்டுடாதீங்க. வெள்ளைக்காரன் காலத்து செட்டில்மெண்ட் பதிவேட்டு நகலைக் கேளுங்க. தனியார் பேர்லயோ ஒரு தர்மத்துப் பேர்லயோ இருந்தா அது வேற வழி. கோயிலுக்கு எழுதி வச்ச தர்மம்னா அறநிலையத் துறையைப் பார்க்கணும்.

சிவப்பு அம்புக்குறியைக் கண்டதும் பயப்பட வேண்டாம். சில சமயம் அது வெறும் அளவுக்குறியா இருக்கும். ரோட்டு நடுக்கோட்டுல இருந்து எத்தனை மீட்டர் எடுக்காங்கன்னு வரைபடம் இருக்கும். அந்த வரைபடமும், அகற்ற வேண்டிய கட்டுமானங்களோட பட்டியலும் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனுப் போடுங்க. பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினா போதும், 30 நாள்ல பதில் தரணும்ங்கிறது 2005ஆம் வருஷத்துச் சட்டம். ஆனா ஜேசிபி 30 நாள் காத்துக் கிடக்காது. அதனால வாற திங்கட்கிழமை கொக்கிரகுளத்துல கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர்க்கும் நாள்ல மனுவைக் கொடுத்துருங்க. மனு நீளமா வேண்டாம். மண்டபம், கிணறு, தொட்டி, சுமைதாங்கி எல்லாம் எங்க இருக்கு, எழுத்து இருக்கு, அளவெடுத்துப் பதிவு செய்யுற வரைக்கும் கை வைக்க வேண்டாம், இவ்வளவுதான். போட்டோ ஒட்டுங்க. போட்டோவுல ஒரு ஆளோ அளவுகோலோ நிக்கணும், அப்பத்தான் அளவு விளங்கும். நெடுஞ்சாலைத் துறை கோட்டப் பொறியாளர், தாசில்தார், தொல்லியல் துறை மூணு பேருக்கும் நகல் அனுப்பிட்டு, மனு ரசீதைப் பத்திரமா வைங்க. நீங்க இன்னும் ஊராட்சியிலதான் இருக்கீங்கன்னா கிராமசபைத் தீர்மானமும் போடலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 எப்பவும் நடக்குறது, இப்ப மார்ச் 22, நவம்பர் 1ம் சேர்ந்திருக்கு. ஜமாபந்தி, அதாவது வருஷா வருஷம் கிராமக் கணக்கைத் தணிக்கை செய்யுறது, நடக்கிற சமயம்னா தாலுகா ஆபீசுக்குப் போய் அங்கயும் ஒரு மனுக் கொடுங்க, கிராமக் கணக்கெல்லாம் அப்ப மேஜை மேலயே இருக்கும்.

இன்னொரு விஷயம். 'பாதுகாக்கப்பட்ட சின்னம்' ஆக்கிட்டா நாம வீட்டுல ஒரு மாடி கூடக் கட்ட முடியாதுன்னு உங்க சங்கத்துல யாராவது கிளப்புவாங்க. 100 மீட்டருக்குள்ள தடை, அதுக்கு வெளியே 200 மீட்டர் வரைக்கும் அனுமதி வாங்கணும்ங்கிறது மத்தியத் தொல்லியல் துறைச் சின்னங்களுக்கு உள்ளது. 1958ஆம் வருஷச் சட்டத்துல 2010ல சேர்த்தது. நம்ம மாநிலத்துக்குத் தனியா 1966ல ஒரு சட்டம் இருக்கு, அதுலயும் அரசு அறிவிக்கை போட்டாத்தான் சின்னம். வருவாய்ப் பதிவேட்டுல மண்டபம்னு ஒரு குறிப்பு இருக்கிறதால எவரு வீட்டுக்கும் ஒரு இடைஞ்சலும் வராது. சின்ன மண்டபத்துக்கு அறிவிக்கை வரும்னு காத்திருக்கவும் செய்யாதீங்க. பதிவேடும் ஊர்க்காரங்க கண்ணும்தான் அதுக்குக் காவல்.


மேற்கே மூணாவது வீடு எழுதியது:

இந்த மண்டபத்துக்குப் பக்கத்துலதான் நானும் இருக்கேன்னு நினைக்கேன், அக்காவை எனக்கு அடையாளம் தெரியுது. வெளியூர்ல உக்காந்து பழமை பழமைன்னு பேசுறவங்களுக்காக இதைச் சொல்லுதேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல அங்க குடிக்க உக்காருறாங்க. என் மக டியூஷன் முடிஞ்சு வாறப்ப நான் முக்குல போய் நிக்கணும். காலையில தொட்டிக்குள்ள பாட்டிலா கிடக்கு. கிணத்துக்கு மூடி கிடையாது, ஒரு தடவை ஆட்டுக்குட்டி விழுந்துச்சு, நாளைக்குப் பிள்ளை விழுந்தா யாரு பதில் சொல்லுவா? எனக்குக் கல்லு மேல கோவம் இல்ல. ஆனா ரெண்டுல ஒண்ணுதான்னா எனக்கு என் பிள்ளைதான் பெருசு.


மண்டபத்துமுக்கு அக்கா எழுதியது:

தம்பி, நீங்க சொல்லுறது அத்தனையும் நெசம். உங்க மக வயசுப் பிள்ளைங்க போற வழி அது, அந்தப் பயம் எனக்கும் இருக்கு. கிணத்துக்கு இரும்பு வலை மூடி போடணும், அதுக்கு நான் முதல் ஆளாக் காசு தாறேன். மண்டபத்துக்கு நேரா உள்ள கம்பத்துல லைட் எரியலை, அதுக்கு மனுவை நாம ரெண்டு பேருமே கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம்.

ஆனா அந்த இடத்துல ஷெட் போட்டா குடிக்கிறவன் ஷெட்டுக்குள்ள உக்காருவான். இருட்டும் ஆள் இல்லாததும்தான் அவனுக்கு வேணும். சாயங்காலம் பூக்கட்டுற மூணு அக்காமாரு என் வீட்டுத் திண்ணையில உக்காந்து கட்டுதாங்க, அவங்ககிட்டப் பேசிட்டேன். லைட் வந்தா மண்டபத்துல உக்காருறோம்னுட்டாங்க. நம்ம மகளிர் குழு மாசக் கூட்டத்தையும் அங்கயே வைப்போம். பொம்பளைங்களும் பிள்ளைங்களும் நடமாடுற இடத்துக்குப் பாட்டிலோட வர எவனுக்கும் கூசும்.


கல்தச்சன் வீட்டுப் பிள்ளை எழுதியது:

அக்கா, எங்க அப்பா கல்வேலை. நான் இப்ப கிரானைட் கடையில இருந்தாலும் சின்ன வயசுல அவங்க கூட நிறைய இடத்துக்குப் போயிருக்கேன்.

ஜேசிபி வேண்டவே வேண்டாம். நட்ட கல்லு வெளியே தெரியறதோட முடியாது. நல்ல வேலையா இருந்தா வெளியே நிக்கிறதுல மூணுல ஒரு பங்காவது மண்ணுக்குள்ள இறங்கியிருக்கும். மேல கிடக்கிற கல்லு சும்மா கிடக்கலை. நட்ட கல்லு தலையில ஒரு முளை இருக்கும், மேல்கல்லு அடியில அதுக்கு ஒரு குழி இருக்கும், அந்த ரெண்டும் மாட்டியிருக்கிறதாலதான் எத்தனை பேரு சுமையை வச்சு எடுத்தாலும் அசையாம நிக்கி. ஜேசிபி பக்கவாட்டுல நெம்பும். நெம்பினா முளை உடையும். முளை உடைஞ்ச கல்லைத் திரும்ப வச்சா அப்படியே நிக்கிற மாதிரித்தான் தெரியும், பிள்ளைங்க ஏறி விளையாடுற அன்னைக்குச் சரிஞ்சு விழும். அதுக்காகவாவது மேஸ்திரிகிட்டச் சொல்லுங்க.

முதல் முயற்சி, ரோட்டு ஓரத்து வாய்க்காலை அந்த இடத்துல மட்டும் ரெண்டு அடி வளைக்கச் சொல்லிக் கேளுங்க. முடியவே முடியாதுன்னா, பார்க்குக்குக் கொண்டு போகாதீங்க. அதே கோட்டுல, அதே முகம் பார்த்து, மண்டபத்துப் பக்கமா எத்தனை அடி தேவையோ அத்தனை அடி மட்டும் பின்னால தள்ளி நடுங்க. சுமைதாங்கி ரோட்டைப் பார்த்து நிக்கணும், மண்டபம் அதுக்குப் பின்னால இருக்கணும். எடுக்கிறதுக்கு முன்னால நாலு பக்கமும் போட்டோ, அளவு. கல்லு ஒவ்வொண்ணுக்கும் எழுத்து இல்லாத பக்கத்துல சாக்பீஸ்ல நம்பர். முக்காலி நட்டு, செயின் பிளாக் மாட்டி, கல்லைச் சணல்சாக்கு சுத்தி பெல்ட் போட்டு, மேல்கல்லை முதல்ல நேரா மேல தூக்கணும். நட்ட கல்லைச் சுத்திக் கையால தோண்டணும், கடப்பாரை கல்லுல படக்கூடாது. புது இடத்துல குழிக்குள்ள காங்கிரீட் கொட்டிடாதீங்க. சல்லியும் சரளும் போட்டுத் திமிசு அடிச்சு இறுக்கினாப் போதும், பின்னால என்ன வந்தாலும் திரும்ப எடுக்கலாம். ரசமட்டம் வச்சுப் பார்த்துட்டு மேல்கல்லை இறக்குங்க. நாலு ஆளுக்கு ஒரு நாள் வேலை.

இப்ப கூரைக்கு வாறேன், அதுதான் அவசரம். விரிசல் விட்ட உத்தரத்துக்கு அடியில இன்னைக்கே முட்டுக் கொடுங்க. சென்ட்ரிங் வேலைக்கு வைக்கிற இரும்பு முட்டு வாடகைக்குக் கிடைக்கும். முட்டுக்கும் கல்லுக்கும் நடுவுல பலகை வைங்க. அதுக்குக் கீழ யாரையும் உக்கார விடாதீங்க. பெரிய விரிசல்னா கட்டுமான இன்ஜினியர் பார்த்துச் சொல்லட்டும், கண்ணால பார்க்காம நான் அதுல எதுவும் சொல்ல மாட்டேன்.

அரசங்கன்னைப் பிடிச்சு இழுக்காதீங்க. வேர் பலகைக்கல்லுக்கு அடியில ஓடியிருக்கும், இழுத்தா கல்லையே தூக்கிடும். அடியோட அறுத்துட்டு, வேர் போன தடத்தைச் சின்ன உளியால நோண்டி எடுக்கணும். ஒரு துண்டு வேர் மிச்சம் இருந்தாலும் அடுத்த மழைக்குத் துளிர்க்கும், அதனால ஆறு மாசத்துக்கு ஒருக்கா யாராவது மேல ஏறிப் பார்க்கணும். கூரையில சருகைக் கூட்டித் தள்ளி, தண்ணி வடியுற தூம்பைத் திறந்து விட்டாலே பாதி ஒழுக்கு நிக்கும்.

சிமெண்ட் மட்டும் வேண்டாம். அந்தக் கூரைக்கல்லு மேல செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடிச்ச தளம் இருக்கும். அதுமேல சிமெண்ட் பூசினா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேராது. வெயில்ல சிமெண்ட் வெடிக்கும், வெடிப்பு வழியாத் தண்ணி இறங்கும், இறங்கின தண்ணி ஆவியாகி வெளியே போக வழி இருக்காது. சுண்ணாம்புன்னா ஈரத்தை வாங்கி வெயில்ல விட்டுரும். சுண்ணாம்பை நீத்து, தண்ணி வத்த விடாம ஊறப் போட்டு, மணல் சேர்த்து அரைக்கணும். கடுக்காயை ஊற வச்ச தண்ணியும் கருப்பட்டித் தண்ணியும் விட்டு அரைச்சாத்தான் பிடிப்பு. கருப்பட்டிக்கு நமக்கு என்ன பஞ்சம், உடன்குடி பக்கத்துலதான இருக்கு. இது செய்யத் தெரிஞ்ச கொத்தனார் பழைய கோயில் திருப்பணியில வேலை பார்த்த ஆளுங்கள்ல கிடைப்பாங்க, விசாரிங்க.

எழுத்து மேல உள்ள பெயிண்ட்டை எடுக்க கம்பி பிரஷ், ஆசிட், மணலை மிஷின்ல பீச்சி அடிக்கிறது, இந்த மூணையும் கிட்டக்கச் சேர்க்காதீங்க. எத்தனையோ கோயில்ல மணல் அடிச்சு எழுத்து மழுங்கிப் போயிருக்கு. போன எழுத்து போனதுதான். டைல்ஸ் ஒட்டணும்னு சொல்லுற அண்ணாச்சிகிட்ட நான் வேணும்னாலும் வந்து பேசுதேன்.


மேலப்பாளையம் தமிழ் வாத்தியார் எழுதியது:

தங்கை சொன்ன பட்டியலைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. தங்க மண்டபம், குடிக்கக் கிணறு, மாட்டுக்குத் தொட்டி, மாடு உரசிக்கொள்ள ஆவுரிஞ்சு கல், மனிதனுக்குச் சுமைதாங்கி. இவை தனித்தனிப் பொருள்கள் அல்ல, ஒரே தர்மத்தின் உறுப்புகள். நம் முன்னோர் சொன்ன முப்பத்திரண்டு அறங்களில் ஆவுரிஞ்சு கல் நடுவதும் ஒன்று. மாட்டின் அரிப்பைக்கூட நினைத்துப் பார்த்தவர்கள் இந்த ரோட்டை அமைத்தவர்கள். இதில் ஒன்றை எடுத்துப் பூங்கா வாசலில் வைத்தால் அங்கே அது வெறும் கல். உங்கள் சங்கத்தில் இதை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள், விளங்கிக்கொள்ளுவார்கள் என்றே நம்புகிறேன்.

எழுத்தை வாசிக்க ஒரு வழி. இருட்டின பிறகு போய், டார்ச் லைட்டைக் கல்லோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடியுங்கள். பகலில் தெரியாத கீறலெல்லாம் நிழல் விழுந்து தெரியும். இடது பக்கம், வலது பக்கம், மேலே, கீழே என்று வெளிச்சத்தை மாற்றி மாற்றிப் போட்டோ எடுங்கள். சாக்பீஸ், மாவு, மஞ்சள் எதையும் எழுத்தில் தேய்க்க வேண்டாம். கல்லில் காகிதம் ஒட்டி மை ஒற்றி மைப்படி எடுப்பது பழகினவர்கள் செய்ய வேண்டிய வேலை. அபிஷேகப்பட்டி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் கேட்டுப் பாருங்கள், தொல்லியல் படிக்கிற பிள்ளைகளுக்கு இது நல்ல பாடமாகவும் இருக்கும்.

ஆண்டு இருந்தால் பெரும்பாலும் கொல்லம் ஆண்டாக இருக்கும். நம் சீமையில் சென்ற நூற்றாண்டு வரைக்கும் பத்திரங்களிலும் அதுதான் வழக்கம், ஆவணி முதல் தேதி ஆண்டுப் பிறப்பு. எண்ணும் தமிழ் எண்ணாக இருக்கலாம். ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து. ௲௫௰௨ என்று கண்டால் 1052. அதோடு 824 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும், ஆண்டின் பிற்பகுதி என்றால் 825. ஆக அது 1876-77, தாது வருடப் பஞ்சம் தமிழ்நாட்டை உலுக்கிய நேரம். உங்கள் கல்லில் எந்த ஆண்டு இருக்கிறதோ தெரிந்தால், அந்தப் பெண் எந்தக் காலத்தில் வாழ்ந்தாள் என்பதாவது தெரியவரும். பெயரும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! பாதி எழுத்துப் பெயிண்டுக்கு அடியில் இருக்கிறது என்கிறீர்களே, அந்தப் பாதியில்கூட இருக்கலாம்.

பழையதை வைத்துக்கொண்டு ஊர் வளர முடியாது என்று சொல்லுகிறவர்களைப் பாளையங்கோட்டைக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள். ஊமைத்துரையைச் சிறை வைத்திருந்த கோட்டை அது, 1801 பிப்ரவரியில் அங்கிருந்துதான் அவர் தப்பினார். கோட்டைச் சுவரில் பெரும்பகுதி போய்விட்டது. மேற்கு வாசல் நிற்கிறது. ஏன் நிற்கிறது? அதன் மேல் போலீஸ் ஸ்டேஷன் நடந்தது, இன்றும் மேடை போலீஸ் ஸ்டேஷன் என்றால்தான் ஊருக்குத் தெரியும். தஞ்சாவூரிலிருந்து வந்த குளோரிந்தா அம்மையார் 1785ல் கட்டின சிறிய கோயிலும் நிற்கிறது. கலெக்டர் ஆபீஸ் சிரஸ்தாராக (தலைமை எழுத்தராக) இருந்த சுலோச்சன முதலியார் தன் கைக்காசைப் போட்டுக் கட்டிய ஆற்றுப்பாலம் 1843ல் திறந்தது. அதை அகலப்படுத்தினார்கள், ஆனால் இடித்துவிட்டு அகலப்படுத்தவில்லை. இன்றும் ஜங்ஷனுக்கும் கொக்கிரகுளத்துக்கும் நடுவே பஸ் அதன் மேல்தான் போகிறது. திங்கட்கிழமை மனுக் கொடுக்க நீங்களும் அந்த வழியாகப் போக வேண்டியிருக்கலாம்.

ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகம் கட்டியிருப்பது நமக்கெல்லாம் பெருமை. ஆதிச்சநல்லூர்த் தாழிக்கும் சிவகளை நெல்லுக்கும் அந்த மரியாதை வேண்டும்தான். அதே மரியாதையில் ஒரு துளி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க முடியாத இந்த ரோட்டோரக் கல்லுக்கும் வேண்டும் என்று நான் வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். முப்பத்தைந்து வருடமாக இந்தச் சாலையில் போய் வருகிறேன். சின்ன வயதில் பார்த்த எத்தனையோ சுமைதாங்கிகள் இப்போது இல்லை. ஒன்றையும் யாரும் கெட்ட எண்ணத்தில் எடுக்கவில்லை. கேட்க ஆள் இல்லாததால் எடுத்தார்கள்.


மண்டபத்துமுக்கு அக்கா எழுதியது:

அண்ணாச்சிமாரு, வாத்தியார் ஐயா, தம்பி எல்லாருக்கும் ரொம்ப நன்றி. படிக்கப் படிக்க எனக்குத் தைரியம் வந்துச்சு.

புல எண்ணு கிடைச்சிருச்சு. அ-பதிவேட்டுல அரசு புறம்போக்குன்னு இருக்கு, குறிப்புல "கல் மண்டபம், கிணறு"ன்னும் இருக்கு. சர்வேயர் அண்ணாச்சி, சுமைதாங்கி அதுல தனியா இல்ல, ஆனா புலப்படத்துல அந்த இடம் முழுக்க அதே எண்ணுக்குள்ளதான் வருது. நகலை எடுத்துக்கிட்டுப் போய் மேஸ்திரிகிட்டக் காட்டினேன். இன்ஜினியர் வந்து பார்க்கிற வரைக்கும் அந்த இடத்துல தோண்டலைன்னு சொல்லியிருக்காரு. வாய்க்காலை வளைக்க முடியுமான்னும் கேட்டுச் சொல்லுதேன்னாரு. வாய்ச்சொல்லை மட்டும் நம்பி இருக்கலை, திங்கட்கிழமை மனு ரெடி. மூணாவது வீட்டுத் தம்பியும் கையெழுத்துப் போட்டாச்சு, லைட்டுக்கும் கிணத்து மூடிக்கும் தனி மனு அவர் பேர்லயே எழுதினோம். மூணு முட்டு வாடகைக்கு வாங்கி உத்தரத்துக்கு அடியில வச்சாச்சு.

ராத்திரி டார்ச் அடிச்சுப் பார்த்தோம். அத்தையும் கூட வந்து நின்னாங்க. வாத்தியார் சொன்ன ௲ நல்லாத் தெரியுது, அதுக்கு அடுத்த எண்ணுல இருந்து பெயிண்ட் மூடிருச்சு. அதுக்குக் கீழ "தற்மம்"னு ஒரு சொல்லு, றகரம் போட்டு. போட்டோவை ஐயாவுக்குத் தனியா அனுப்பியிருக்கேன், பார்த்துச் சொல்லுங்க.

ஒண்ணு மட்டும் இன்னும் கிடைக்கலை. சுண்ணாம்பு அரைச்சுத் தளம் போடத் தெரிஞ்ச கொத்தனார் ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி பக்கம் யாராவது இருக்காங்களா? சங்கத்துல கூலிக்குப் பணம் திரட்ட ஆரம்பிச்சிட்டோம், ஐப்பசி மழைக்கு முன்னால கூரை வேலையை முடிக்கணும்.